காரணம் கேட்க எந்தச் சொல்: 'வொய்'யா, 'வாட் ஃபார்' என்பதா, 'ஹவ் கம்' என்பதா?

மண்டபத்தில் மாலை வேளைகளில் நான் நடத்தும் ஆங்கிலப் பேச்சு வகுப்புக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே தேவைக்காக வருவதில்லை. ராமேசுவரத்தில் ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர் வருகிறார். தனுஷ்கோடிக்குப் பயணிகளை அழைத்துப் போகும் வழிகாட்டிப் பையன்கள் இருவர், பாம்பனிலிருந்து பஸ்ஸில் வரும் பிளஸ் டூ மாணவிகள், வளைகுடா வேலைக்கான நேர்முகத் தேர்வை எதிர்பார்த்துப் பெரியபட்டினத்திலிருந்து பைக்கில் வந்து போகிறவர் என்று ஆளுக்கொரு காரியம். இவர்கள் அனைவருக்கும் முதல் மாதத்திலேயே சொல்லித் தந்தாக வேண்டியவை வினாச்சொற்கள். 'எங்கே' என்றால் 'வேர்', 'எப்போது' என்றால் 'வென்', 'யார்' என்றால் 'ஹூ' என்று சொல்லிக்கொண்டே போகலாம், ஒருவரும் தடுமாறுவதில்லை. 'ஏன்' என்ற இடத்துக்கு வந்ததும்தான் வண்டி நின்றுவிடுகிறது.

ஆட்டோ அண்ணன் ஒருநாள் சற்று வருத்தத்தோடு வந்து உட்கார்ந்தார். அரிச்சல்முனை வரை அழைத்துப் போன வெளிநாட்டுத் தம்பதியிடம் பேச்சுக் கொடுக்கலாம் என்று 'வொய் யூ கேம்?' என்று கேட்டிருக்கிறார். "நான் மரியாதையாத்தான் கேட்டேன் டீச்சர், ரெண்டு பேரு மொகமும் சுண்டிப்போச்சு" என்றார். அவர் மனத்தில் இருந்தது 'என்ன விஷயமா வந்திருக்கீக?' என்ற கேள்வி. அந்தத் தம்பதியின் காதில் விழுந்ததோ 'நீங்கள் எதற்கு இங்கே வந்தீர்கள்?' என்ற விசாரணை. ஊருக்கு வந்த உறவினரிடம் தமிழில் 'ஏன் வந்தீக?' என்று கேட்க அவருக்கு வாய் வந்திருக்காது. ஆங்கிலத்தில் அந்தக் கூச்சம் அவருக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் 'ஏன்'னுக்கு 'வொய்' என்று ஒரே ஒரு சொல்லைத்தான் நான் கொடுத்திருந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. காரணம் கேட்பதற்கு ஆங்கிலத்தில் 'வொய்' இருக்கிறது. 'வாட் ஃபார்' இருக்கிறது. படங்களைப் பார்த்துப் பையன்கள் பிடித்துக்கொண்ட 'ஹவ் கம்' இருக்கிறது. 'வாட் ப்ரிங்ஸ் யூ', 'வாட் மேட் யூ' என்று சுற்றி வரும் வழியும் இருக்கிறது. இவற்றில் எதை முதலில் தருவது, எதைத் தள்ளிப்போடுவது, எதைக் காதுக்கு மட்டும் பழக்கிவிட்டு வாய்க்குத் தராமல் விடுவது என்பதை முடிவு செய்ய வேண்டியிருந்தது. அந்த முடிவுக்கு வர எனக்குத் துணையாக இருந்தது, எதிர்பாராத விதமாக, இந்தச் சொற்களின் பிறப்பு.

'வொய்' என்பது முதலில் தனிச்சொல்லே அல்ல. பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்கள் தமிழைப் போலவே வேற்றுமைக்கு வேற்றுமை உருமாறின. 'எது, என்ன' என்ற பொருளில் இருந்த 'ஹ்வாட்' என்ற சொல்லுக்குக் கருவி வேற்றுமையில் ஒரு வடிவம் இருந்தது. உதட்டை 'உ' சொல்வதற்குக் குவித்துக்கொண்டு 'ஈ' என்று ஒலித்தால் எந்த ஒலி வருமோ, அந்த ஒலியில் முடியும் 'ஹ்வீ' என்ற வடிவம் அது. 'ஹ்வாட்' வளர்ந்து இன்றைய 'வாட்' ஆனது. 'ஹ்வீ' வளர்ந்து இன்றைய 'வொய்' ஆனது. ஆகவே 'வொய்' என்பது 'வாட்' என்பதன் மூன்றாம் வேற்றுமை. தமிழில் 'எது' என்பதோடு 'ஆல்' உருபு சேர்ந்து 'எதனால்' ஆவது எப்படியோ, அப்படியே அங்கும் நடந்திருக்கிறது. ஆங்கிலேயர்கள் உருபுகளைப் பெரும்பாலும் உதிர்த்துவிட்டதால் இந்த உறவு அவர்கள் கண்ணுக்கு இப்போது தெரிவதில்லை. வேற்றுமையோடு பிறந்து வளர்ந்த நமக்குச் சொன்ன மாத்திரத்தில் புரிகிறது.

இந்த உறவு இதோடு நிற்பதில்லை. தமிழில் எகரம் வினா, அகரம் சுட்டு: எது–அது, எங்கே–அங்கே, எப்போது–அப்போது, எதனால்–அதனால். ஆங்கிலத்திலும் இதே இரட்டைத் தடம் ஓடுகிறது. 'வாட்' என்றால் 'தட்', 'வேர்' என்றால் 'தேர்', 'வென்' என்றால் 'தென்'. முதலெழுத்தை மாற்றினால் வினா சுட்டாகிவிடுகிறது. இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய நாளில் மாணவி ஒருத்தி, "அப்ப 'வொய்'க்கு ஜோடி எங்க டீச்சர்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. ஜோடி இருந்தது, 'ஹ்வீ' என்பதற்கு இணையாக, 'அதனால்' என்ற பொருளில் பழைய ஆங்கிலத்தில் ஒரு கருவி வேற்றுமை வடிவம் இருந்தது. அது தனிச்சொல்லாக இன்று இல்லை, ஆனால் சாகவும் இல்லை. 'த சூனர் த பெட்டர்' என்ற வழக்கில் வரும் 'த' அதன் மிச்சம். 'எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது' என்று நாம் எ–அ வைத்துச் சொல்வதை அவர்கள் அந்தப் பழைய உருபின் எச்சத்தை வைத்துச் சொல்கிறார்கள். பெயருக்கு முன்னால் போடும் சாதாரணச் சுட்டு 'த' என்று எண்ணி இத்தனை ஆண்டுகள் நானே அதைக் கடந்து போயிருக்கிறேன்.

எழுத்துக் குழப்பமும் இங்கேதான் தீர்கிறது. 'வொய்' என்று எழுதும்போது டபிள்யூவுக்குப் பின்னால் ஓர் எச் எதற்கு என்று கேட்காத மாணவர் இல்லை. பழைய ஆங்கிலத்தில் எச் முன்னாலும் டபிள்யூ பின்னாலும் எழுதப்பட்டன. உச்சரிப்பும் அந்த வரிசையில்தான் இருந்தது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு, அவர்கள் மரபில் பழகிய எழுத்தர்கள் அந்த இரண்டையும் இடம் மாற்றி எழுதத் தொடங்கினார்கள். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் அந்த 'ஹ்வ' ஒலியை இன்றும் பலரிடம் கேட்கலாம்; மற்ற இடங்களில் பெரும்பாலும் 'வ' மட்டுமே மிஞ்சியது. உயிரொலி மாறியது தனிக்கதை: ஏறத்தாழ 1400க்கும் 1700க்கும் இடையே ஆங்கிலத்தின் நெடில்கள் வரிசையாக இடம்பெயர்ந்தபோது 'ஈ' என்று நீண்டொலித்தவை 'ஐ' ஆயின. அதனால்தான் 'வீஃப்' என்று இருந்தது 'வைஃப்' ஆனது, 'லீஃப்' என்று இருந்தது 'லைஃப்' ஆனது, 'ஹ்வீ' என்று இருந்தது 'வொய்' ஆனது.

ராமேசுவரத்துக்காரர்களுக்கு இன்னொரு சாவியும் கையில் இருக்கிறது. வடநாட்டு யாத்திரிகர்கள் ஆண்டு முழுவதும் வந்து குவியும் ஊர் என்பதால், கோயிலைச் சுற்றிச் சங்கும் சிப்பி மாலையும் விற்கும் பையனுக்குக்கூட இந்தி வினாச்சொற்கள் மனப்பாடம்: க்யா, கோன், கஹான், கப், க்யோன். எல்லாம் 'க' வரிசை. ஆங்கிலத்தின் 'வ' வரிசையும் இந்தியின் 'க' வரிசையும் ஒரே மூதாதையிலிருந்து வந்தவை. அந்த மூலமொழியில் 'க்வ' என்று ஒலித்த மெய், சமஸ்கிருதத்தில் 'க' ஆகவும், லத்தீனில் 'க்வ' ஆகவே தங்கியும், ஆங்கிலம் பிறந்த ஜெர்மானியக் கிளையில் மட்டும் 'ஹ்வ' ஆகவும் மாறியது. இந்த மாற்றங்களை விதியாக வகுத்து 1822இல் ஜெர்மானிய மொழியறிஞர் யாக்கோப் கிரிம் எழுதினார். தமிழின் எகரத்துக்கு இந்தக் குடும்பத்தில் பங்கு இல்லை. நாம் வேறு வீடு. ஆனால் இந்தி தெரிந்த ஆட்டோக்காரருக்கு 'க'வை 'வ' ஆக்கிச் சொல்லிப் பாருங்கள் என்றால், பாதி வேலை முடிந்துவிடுகிறது.

ஆக, 'வொய்'யின் பக்கம் பலமான வாதங்கள் இருக்கின்றன. அது பழையது, எழுத்திலும் பேச்சிலும் தேர்விலும் அலுவலகத்திலும் செல்லும், காரணத்தையும் நோக்கத்தையும் இரண்டையும் கேட்கும். பிறப்பில் 'எதனால்' என்ற வடிவம் கொண்ட சொல் இன்று 'எதற்கு' என்பதையும் சேர்த்துக் கேட்கிறது. நம் 'ஏன்' செய்வதும் இதைத்தான். அதற்கு எதிரான வாதங்கள் இரண்டு. முதலாவது இலக்கணம். 'நீங்கள் ஏன் வந்தீர்கள்?' என்று தமிழில் கேட்கச் சொற்களை இடம் மாற்ற வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் 'வொய் யூ கேம்' என்று அப்படியே போட முடியாது. 'டிட்' என்று ஒரு துணைவினையைக் கொண்டுவந்து எழுவாய்க்கு முன்னால் நிறுத்தி 'வொய் டிட் யூ கம்' என்று கேட்க வேண்டும். இரண்டாவது தொனி. 'வொய்' என்று தொடங்கி உடனே 'யூ' என்று ஆளைச் சுட்டும்போது, கேட்கப்படுபவர் தன் செயலுக்கு விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர் ஆகிவிடுகிறார். இந்த இரண்டில் முதல் தவறு சிரிப்போடு மன்னிக்கப்படும். இரண்டாவது தவறில்தான் முகம் சுண்டுகிறது.

அடுத்து 'வாட் ஃபார்'. எங்கள் பக்கத்தில் 'எதற்கு' என்பதைவிட 'என்னத்துக்கு' என்பதே வாயில் அதிகம் வரும். 'என்னத்துக்குடா அழுவுற?', 'இது என்னத்துக்கு இங்க கெடக்கு?' என்று நாள் முழுக்கக் கேட்கும் சொல். என்ன, அத்து, கு என்று பிரித்தால் 'வாட்', 'ஃபார்' இரண்டும் அப்படியே உள்ளே இருக்கின்றன. 'வொய்' மூன்றாம் வேற்றுமை என்றால் 'வாட் ஃபார்' நான்காம் வேற்றுமை. நம் இலக்கணம் நான்காம் வேற்றுமைக்குச் சொல்லும் பொருள்களில் 'பொருட்டு' என்பதும் ஒன்று. இந்தப் பொருத்தத்தால்தான் நம்மவர்கள் 'ஃபார் வாட் யூ கேம்?' என்று சரளமாகச் சொல்லிவிடுகிறார்கள். அது ஆங்கிலக் காதுக்கு நெருடும். 'வாட்' வாக்கியத்தின் தலையிலும் 'ஃபார்' வாலிலும் நிற்க வேண்டும்: 'வாட் டிட் யூ கம் ஃபார்?' உருபு சொல்லைவிட்டுப் பிரிந்து வாக்கியத்தின் கடைசியில் தனியாக நிற்பது தமிழனுக்குக் கடைசிவரை விநோதமாகவே இருக்கும்.

ஆளிடம் கேட்டால் 'வாட் ஃபார்' 'வொய்'யைவிடக் கடுமை. தனியாக 'வாட் ஃபார்?' என்று கேட்டால் 'என்னத்துக்கு?' என்று எரிச்சலோடு கேட்பது போலவே இருக்கும். ஆனால் பொருளைக் காட்டிக் கேட்கும்போது அதற்கு இணையான வேறு சொல் இல்லை. மண்டபத்தின் வடகடலில் பாசி வளர்க்கிறவர்கள் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடியில் மூங்கில் தெப்பம் கட்டி, குறுக்கே கயிறு இழுத்து, கயிற்றில் பாசித் துண்டுகளைக் கொத்துக் கொத்தாக முடிந்து தண்ணீரில் விடுவார்கள். கரையில் காய வைத்திருக்கும் அந்தத் தெப்பத்தைப் பார்க்கிற பயணி கண்டிப்பாகக் கேட்பது 'வாட் இஸ் திஸ் ஃபார்?' என்பதுதான். வழிகாட்டிப் பையன் 'இட் இஸ் ஃபார் க்ரோயிங் சீவீட்' என்று சொன்னால் போதும். கேள்வியில் இருந்த 'ஃபார்' பதிலிலும் வந்து உட்காருவதால் பதில் தேடவே வேண்டாம். ஆகவே பொருள்களுக்கு இதை வைத்துக்கொள்ளலாம், ஆட்களுக்கு வேண்டாம் என்று நான் கோடு கிழித்துவிட்டேன். (ஆங்கிலத்தில் ஒருவருக்கு 'வாட் ஃபார்' கொடுப்பது என்றால் செம்மையாகத் திட்டுவது அல்லது உதைப்பது என்று பொருள். இதை வகுப்பில் சொன்னது என் பிழை; ஒரு வாரம் வேறெதுவும் நடக்கவில்லை.)

'ஹவ் கம்' என்பதுதான் பையன்களின் செல்லப்பிள்ளை. அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. 'ஹவ் கம் யூ ஆர் லேட்?' என்று கேட்கும்போது எந்தச் சொல்லும் இடம் மாறுவதில்லை, 'டூ', 'டிட்' எதுவும் வேண்டியதில்லை. தமிழ் வாக்கியத்தின் தலையில் 'அது எப்படி' என்று ஒட்டவைத்தது போலவே வேலை நடந்துவிடுகிறது. 'ஹவ் கம்ஸ் இட் தட்', அதாவது 'அது எப்படி வந்தது' என்ற பழைய நீண்ட தொடர் தேய்ந்து இரண்டு சொல்லாகச் சுருங்கியதே இது. அதனால்தான் பின்னால் வரும் வாக்கியம் முழுமையாக, கலையாமல் இருக்கிறது. ஜான் ரசல் பார்ட்லெட் 1848இல் வெளியிட்ட அமெரிக்க வழக்குச் சொல் அகராதியிலேயே இது பதிவாகியிருக்கிறது. 'ஹவ்' என்பதும் 'வொய்'யின் உடன்பிறப்புதான். பழைய ஆங்கிலத்தின் 'ஹூ' என்ற வடிவத்திலிருந்து வந்தது.

இலக்கணத்தில் எளிது என்பதற்காக இதை முதலில் கொடுத்துவிடலாமா என்று நானும் யோசித்தேன். கொடுக்கவில்லை. 'ஹவ் கம்' என்பதில் எப்போதும் ஒரு வியப்பு கலந்திருக்கும். நடந்திருக்கக் கூடாதது நடந்துவிட்டது, அல்லது நடந்திருக்க வேண்டியது நடக்கவில்லை என்ற தொனி. ராமேசுவரத்தில் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டுக் காட்டும் துளை நிறைந்த கல்லைப் பார்த்து 'ஹவ் கம் இட் ஃப்ளோட்ஸ்?' என்று கேட்டால் மிகப் பொருத்தம். நேர்முகத் தேர்வில் மேலாளரிடம் 'ஹவ் கம் த சாலரி இஸ் லோ?' என்று கேட்டால், பெரியபட்டினத்துக்காரர் அடுத்த பஸ்ஸில் ஊருக்கு வர வேண்டியதுதான். எழுத்து ஆங்கிலத்தில் இதற்கு இடம் மிகக் குறைவு. பிளஸ் டூ விடைத்தாளில் அறவே இல்லை. 'ஏன் கூடாது' என்பதற்கு 'வொய் நாட்', 'ஏன் காத்திருக்க வேண்டும்' என்பதற்கு 'வொய் வெயிட்' என்று 'வொய்' கொடுக்கும் சுருக்கங்களும் இதில் வராது.

நுட்பமான வேறுபாடு இன்னொன்றும் உண்டு. 'வொய் டிட் ஹி சே த போட் வாஸ் லேட்?' என்ற கேள்விக்கு இரண்டு பொருள் வரும்: படகு தாமதம் என்று அவர் ஏன் சொன்னார் என்பது ஒன்று, படகு ஏன் தாமதமானதாக அவர் சொன்னார் என்பது மற்றொன்று. தமிழில் 'ஏன்' நிற்கும் இடத்தை நகர்த்தி இரண்டையும் பிரித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் 'வொய்' வாக்கியத்தின் தலையைவிட்டு நகராது என்பதால் இந்த இரட்டைப் பொருள் தங்கிவிடுகிறது. 'ஹவ் கம் ஹி செட் த போட் வாஸ் லேட்?' என்று கேட்டால் முதல் பொருள் மட்டுமே வரும். வகுப்பில் இதைச் சொல்லித் தர வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் 'ஹவ் கம்' என்பது 'வொய்'யின் வெறும் மாற்றுப்பெயர் என்று சொல்லிவிடுகிற கையேடுகளை நம்ப வேண்டாம் என்பதற்கு இது ஒரு சான்று.

'வேர்ஃபோர்' என்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனெனில் இதைப் பேசக் கற்றுத்தரும் எண்ணம் எனக்கு இல்லை. 1590களில் எழுதப்பட்ட ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் மாடத்தில் நிற்கும் ஜூலியட் 'வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ' என்று கேட்பதை, ரோமியோ எங்கே இருக்கிறாய் என்று தேடுவதாகவே பலரும் படிக்கிறார்கள். அவள் கேட்பது 'நீ ஏன் ரோமியோவாக இருக்கிறாய்', அதாவது பகைக் குடும்பத்தின் பெயரை நீ ஏன் சுமக்கிறாய் என்று. நம் மாணவர்களுக்கு இதைப் புரியவைக்கக் குறள் போதும். 'சிறைகாக்கும் காப்பெவன் செய்யும்' என்பதில் வரும் 'எவன்' என்ற சொல்லை எந்த ஆள் என்று படிக்கிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். அங்கே அதற்கு 'என்ன' என்று பொருள். பழைய வினாச்சொல் வழக்கொழிந்து, அதே உருவில் இன்னொன்று நின்றுகொண்டால் இரண்டு மொழியிலும் இந்த விபத்து நடக்கிறது. 'வேர்ஃபோர்' போய்விட்டாலும் அதன் ஜோடியான 'தேர்ஃபோர்' கணக்கு வகுப்பில் தினமும் வருகிறது என்று சொல்லிவிட்டு நான் நகர்ந்துவிடுவேன்.

ஆட்டோ அண்ணனுக்கு உண்மையில் தேவைப்பட்டது நான்காவது வழி. 'வாட் ப்ரிங்ஸ் யூ டு ராமேஸ்வரம்?' எது உங்களை இங்கே கொண்டுவந்தது என்று கேட்கும்போது, செய்தவர் எதிரே நிற்பவர் அல்லர், வேறு ஏதோ ஒன்று. விளக்கம் சொல்ல வேண்டிய பொறுப்பு அதன் தலையில் விழுகிறது. இலக்கணத்திலும் இது இலகு: 'வாட்' இங்கே எழுவாய், ஆகவே 'டூ', 'டிட்' தேவையில்லை, சொற்களை இடம் மாற்ற வேண்டியதும் இல்லை. 'வாட் மேட் யூ சூஸ் திஸ் ஹோட்டல்?' என்பதும் இதே அச்சு. 'என்ன விஷயமா வந்தீக' என்று நாம் கேட்பதிலும் இந்த நாகரிகம்தான் இருக்கிறது. 'ஏன்' என்பதை விழுங்கிவிட்டு 'என்ன' என்பதை முன்னால் வைக்கிறோம். இதன் குறை, வழி குறுகியது என்பது. பாலம் ஏன் தூக்கப்படுகிறது, கிணற்றுக்குக் கிணறு தண்ணீர் ஏன் ருசி மாறுகிறது என்று உலகத்தைப் பற்றிக் கேட்க இது உதவாது. 'மே ஐ நோ த ரீசன்?' என்று நம் ஊரில் பலர் பணிவாக நினைத்துக் கேட்பதை நான் இந்த வரிசையில் சேர்க்கவில்லை. அது மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் கேட்கிற குரல்.

எல்லாவற்றையும் எடைபோட்ட பிறகு, முதலிடம் 'வொய்'க்குத்தான் என்று முடிவு செய்தேன். ஆனால் அதைத் தனியாகத் தராமல் இன்னொரு வாக்கியத்துக்குள் வைத்துத் தருகிறேன். 'குட் யூ டெல் மீ' என்று தொடங்கி, 'வொய் த ட்ரெய்ன் ஸ்டாப்ட்' என்று முடிக்கச் சொல்கிறேன். ஒரு வினா இன்னொரு வாக்கியத்துக்குள் போய்விட்டால் ஆங்கிலமும் சொற்களை இடம் மாற்றுவதை விட்டுவிடுகிறது. 'வொய் யூ கேம்' என்று நம்மவர்கள் தவறாகச் சொல்லும் அதே துண்டு, 'குட் யூ டெல் மீ வொய் யூ கேம்' என்பதற்குள் இலக்கணப்படி முழுச் சரி. தொனியும் தணிந்துவிடுகிறது. மூன்று வாரம் இந்த வடிவம் நாக்கில் படிந்த பிறகு, 'வொய் டிட்', 'வொய் டஸ்', 'வொய் இஸ்' என்று வெளியே எடுத்துத் தந்தால் பிடித்துக்கொள்கிறார்கள். விருந்தினரோடு பேசுகிறவர்களுக்கு முதல் நாளே 'வாட் ப்ரிங்ஸ் யூ' கொடுத்துவிடுகிறேன். 'வாட் இஸ் திஸ் ஃபார்' பொருள்களோடு இரண்டாம் வாரம். 'ஹவ் கம்' கேட்டால் புரிய வேண்டும், அவ்வளவே.

'வொய்'க்கு இன்னொரு வேடமும் உண்டு. அது கேள்வியே அல்ல. 'வொய், ஈவன் எ சைல்ட் நோஸ் தட்' என்பதில் வருவது நம் 'ஏன், சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியுமே' என்பதில் வரும் 'ஏன்'. இரண்டும் தொடர்பற்ற மொழிகள். ஆனாலும் காரண வினாவை வியப்புக்கும் அழுத்தத்துக்கும் திருப்பிக்கொள்ளும் பழக்கம் இரண்டிலும் இருக்கிறது. 'அத ஏன் கேக்குறீக' என்று பெருமூச்சோடு தொடங்குகிறவரிடம் யாரும் காரணம் சொல்லப் போவதில்லை அல்லவா. இந்த 'வொய்'யைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கதை படிக்கும் மாணவி எதிர்கொள்ளும்போது கேள்விக்குறியைத் தேடி ஏமாறாமல் இருந்தால் போதும்.

கேட்பதைவிடப் பதில் சொல்வதில்தான் பழைய வேற்றுமைப் பிரிவு கைகொடுக்கிறது. பயணிகள் பாம்பனில் நின்று இரண்டு கேள்வி கேட்பார்கள். புதிய ரயில் பாலத்தின் நடுப்பகுதி ஏன் மேலே போகிறது என்பது ஒன்று. பழைய பாலத்தில் ஏன் ரயில் ஓடவில்லை என்பது மற்றொன்று. இரண்டுக்கும் கேள்விச்சொல் 'வொய்'தான். ஆனால் முதல் கேள்வி 'எதற்கு': 72.5 மீட்டர் நீளமுள்ள அந்தத் தூக்குப்பகுதி 17 மீட்டர் உயர்வது கப்பலும் படகும் கடந்து போவதற்காக. இதற்குப் பதில் 'டு' என்று தொடங்கும்: 'டு லெட் ஷிப்ஸ் பாஸ்.' இரண்டாவது 'எதனால்': 1914இல் திறந்த இரும்புப் பாலம் உப்புக்காற்றில் அரித்துப் பாதுகாப்புக் குறைந்ததால் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள், 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதியது திறந்தது. இதற்குப் பதில் 'பிக்காஸ்' என்று தொடங்கும்: 'பிக்காஸ் இட் வாஸ் ரஸ்டிங்.' கேள்வியைத் தமிழில் ஒருமுறை மனத்துக்குள் 'எதனாலயா, என்னத்துக்கா?' என்று பிரித்துப் பார்த்துவிட்டால், 'பிக்காஸ்' போடுவதா 'டு' போடுவதா என்ற திணறல் போய்விடுகிறது.

சில கேள்விகளுக்கு இரண்டு கதவும் திறக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் ஏன் கடலுக்குப் போவதில்லை என்று கேட்டால், 'பிக்காஸ் இட் இஸ் ப்ரீடிங் சீசன்' என்றும் சொல்லலாம், 'டு லெட் த ஃபிஷ் ப்ரீட்' என்றும் சொல்லலாம். வழிகாட்டிப் பையன்களில் ஒருவனுடைய அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். இந்தக் கேள்வியை நான் அவனிடம் கேட்டபோது, கரும்பலகையில் இருந்த இரண்டு பதிலையும் பார்த்துவிட்டு, "மூணாவதா ஒண்ணு இருக்கு டீச்சர், பிக்காஸ் கவர்மெண்ட் செட் நோ" என்றான். அதிலும் 'பிக்காஸ்' சரியான இடத்தில்தான் இருந்தது.